சுருக்கு ஸ்கேல்

இப்போது சொல்லிவிட்டால் என்ன? கடைசிப் பட்டனுக்குள் சொல்லி முடித்துவிடலாம். இடதுபக்கத்து முன்கால் நான் அறுத்ததுதானுங்க. ஸ்கேல் மாறிப்போச்சு. பறக்க விடுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். மூன்று வாக்கியம். மூன்றாவதுதான் தொண்டையில் நிற்கிறது. முதல் இரண்டை மட்டும் சொல்லி, மூன்றாவதை விட்டுவிட்டால்? அது பாதிப் பொய். பாதிப் பொய்யைச் சொல்வதற்குச் சும்மா இருப்பதே தேவலை.

"காலரு உள்ள மடிஞ்சிருக்குது பாரு அம்மணி," என்றான் எழில்.

மெர்சி காலரை எடுத்துவிட்டாள். கடைசிப் பட்டனையும் போட்டாள். சொல்லவில்லை.

எட்டு வாரமாக இப்படித்தான். எழிலின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றுவிட்டன. கட்டைவிரல் நரம்பைத் தைத்துச் சேர்த்திருந்தார்கள். புண் ஆறிவிட்டது, ஆனால் கட்டைவிரல் இன்னும் மடங்கப் பழகவில்லை. சட்டை போடும்போது அவன் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவள் அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு பட்டன்களைப் பூட்டுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இருக்காது. சொல்வதற்கு இதைவிடத் தோதான நேரம் நாளில் வேறு எதுவும் கிடையாது. தினமும் அந்த நேரம் வந்தது, தினமும் போயிற்று.

வெளியே ஆனி மாதத்துக் காற்று. பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்த காற்று போத்தனூர் வரைக்கும் தடையில்லாமல் வந்து, பின்பக்கத்துத் தகரக் கொட்டகையைத் தட்டிக்கொண்டிருந்தது. இடையிடையே தூறல். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தண்டவாளத்துப் பக்கம் சத்தம் குறைவு.

"சோறாச்சு, வாங்க," என்று மாமியார் பூவாத்தாள் கூப்பிட்டாள்.

அரிசியும் பருப்பும் போட்டுப் பொங்கிய சோறு. மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிரும் ஊறுகாயும். எழில் இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டான். பூவாத்தாள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"பீச்சாங்கையில திங்கறதக் கண்ணுல பாக்க முடியலீங்க சாமி."

"செரி உடு," என்றார் மாமனார் வேலன். "கரண்டி தான திங்குது, கையா திங்குது?"

"உங்களுக்கென்ன, வாயிருக்குது, பேசுவீங்க. அந்த சஹீரு இன்னிக்கு வாரானாமா. எதுக்குனு கேட்டீங்களா?"

வேலன் கேட்கவில்லை. மெர்சிதான் சொன்னாள். நேற்று சஹீரின் மனைவி ரம்ஷா போனில் பேசியிருந்தாள். "வர்ற வியாழக்கெழம ரெண்டு பேரும் மக்காவுக்கு, உம்ராவுக்குப் போறாங்களாம் அத்தெ. போறதுக்கு முன்னால தெரிஞ்சவங்க எல்லார்த்துகிட்டயும் போயி, தெரிஞ்சோ தெரியாமயோ தப்புப் பண்ணியிருந்தாப் பொறுத்துக்கங்கன்னு கேக்கோணுமாம். அவிங்க வழக்கம் அது. மத்தவங்க பொறுத்துக்கிட்டாத்தான் அங்க போயிக் கேக்கறதுக்கு மொகம் இருக்குமாம்."

"வெரலு போயி எட்டு வாரமாச்சு. இப்ப வந்து பொறுத்துக்கன்னா, மொளைக்குமா?"

எழில் கரண்டியால் பருக்கைகளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

*

எழில் பேட்டர்ன் வேலைக்காரன். குறிச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் பன்னிரண்டு வருடம். ஃபவுண்டரியில் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவதற்கு முன்னால், வரவேண்டிய சாமானின் அச்சை மரத்தில் செய்து தருவதுதான் அவன் வேலை. மோட்டார் மூடியோ பம்பு உடலோ எதுவானாலும் முதலில் அவன் கையில் மரமாக இருக்கும். பிறகுதான் எங்கோ இரும்பாகும். மெர்சிக்கும் அதே குறிச்சி சிட்கோவில்தான் வேலை, வேறொரு கம்பெனியில், செக்கிங் செக்‌ஷனில். லேத்தில் கடைந்து வரும் பாகங்களை வெர்னியரில் அளந்து, அளவு மிஞ்சினால் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு ஒதுக்கிவைப்பாள். கம்பெனியில் அவளுக்குச் "சிவப்பக்கா" என்று பெயர். யார் கெஞ்சினாலும் கோட்டை அழிக்கமாட்டாள்.

விமான ஆசை எழிலுக்கும் சஹீருக்கும் சேர்ந்தே வந்தது. சஹீர் கிணத்துக்கடவு ரோட்டில் புல் வெட்டும் மிஷினும் மரம் அறுக்கும் மிஷினும் ரிப்பேர் பார்க்கிறவன். எழிலின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. சின்னச் சின்ன பேட்டரி விமானங்களை ரிமோட்டில் பறக்க விட்டு ஆறேழு வருடம் பழகியிருந்தான். போன வருடம் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வேண்டாமென்று போட்டுவிட்டுப்போன மரம் அறுக்கும் மிஷினைப் பிரித்தபோது, "மாப்ள, இந்த இன்ஜினு பறக்கறதுக்குப் பொறந்துதுடா. தெரியாம மரத்துகிட்ட மாட்டிக்கிச்சு," என்று தூக்கிக்கொண்டு வந்தான். பெட்ரோலில் ஓடுகிற இன்ஜின். அதற்கு ஏற்ற மாதிரி பெரிய விமானம் வேண்டும். இறக்கைக்கு மேல் இறக்கை வைத்த பழைய காலத்து விமானம் செய்யலாம் என்றான் எழில்.

ஆறு மாதம் சாயங்காலமெல்லாம் பின்பக்கத்துக் கொட்டகையில்தான். எழில் மெல்லிய மரத்தில் இறக்கையின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக அறுத்து இழைத்தான். மேலே போர்த்துகிற சிவப்புத் தாளை மெர்சி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டினாள். சூடு பட்டதும் தாள் சுருங்கி, மத்தளத்துத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். அவளுக்கு அந்த நேரம் பிடிக்கும். சஹீர் அசர் தொழுகை நேரத்தில் கொட்டகை மூலையில் பாயை விரிப்பான். அவன் தொழுது முடிக்கிற வரைக்கும் எழில் உளியைத் தட்டாமல் சும்மா உட்கார்ந்திருப்பான்.

"கோழிக்கு ரெக்க இருக்குது, அதுவே பறக்க மாட்டீங்குது," என்று பூவாத்தாள் எட்டிப் பார்த்துச் சொல்வாள். "இது பறக்குமாமா."

"கோழிக்கு இன்ஜின் இல்லீங்கம்மா," என்பான் சஹீர். "வேண்ணா மாட்டி உடறேன், முட்டை ஆகாசத்துல இருந்து உழுகும்."

"உன்ற வாய்க்கு மொதல்ல பூட்டுப் போடு."

"செய்யற கை எழில்து, உடற கை என்றது. வாயி மட்டும் பொதுவுங்க."

அந்தக் கொட்டகையில்தான் எழில் அவளுக்கு அந்த ஸ்கேலைக் காட்டினான். காய்ச்சி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மர அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செய்யவேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று பேட்டர்ன்காரர்களுக்கென்றே தனி ஸ்கேல் உண்டு. பார்ப்பதற்குச் சாதா ஸ்கேல் மாதிரியேதான் இருக்கும். ஆனால் அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஒரு சென்டிமீட்டரை விட ஒரு நூலிழை பெரிது. சுருக்கு ஸ்கேல் என்பார்கள்.

"அப்ப பொய் சொல்ற ஸ்கேல்னு சொல்லுங்க," என்றாள் மெர்சி.

"பொய்யில்ல அம்மணி. சுருங்கும்னு தெரிஞ்சு மொதல்லயே எச்சாக் குடுக்கறது."

"எங்க கம்பெனியில இதைக் கொண்டாந்தா மேனேஜர் வெளிய தாட்டி உட்டுருவாரு."

"எங்க கம்பெனியில சாதா ஸ்கேலைக் கொண்டாந்தாத் தாட்டி உட்டுருவாங்க," என்று அவன் சிரித்தான்.

மே மாதம் இரண்டாவது ஞாயிறு பறக்கவிடுவதாக முடிவு செய்தார்கள். காற்று கிளம்புவதற்குள் விட்டாகவேண்டும். அந்த வாரம் பார்த்து எழிலுக்குப் பட்டறையில் அவசர வேலை. மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் பிடித்து நிறுத்துகிற நான்கு மரக்கால்களையும் அவன் முன்பே செய்து வைத்திருந்தான். புதன்கிழமை துளை போடும்போது இடதுபக்கத்து முன்கால் பிளந்துவிட்டது. "நீயே ஒண்ணு அறுத்துரு, இருநூத்தி நாப்பது மில்லி. உன்ற கைக்கு அளவு சொல்லித் தரோணுமா?" என்று மெர்சியிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். அவளுக்கு அந்த வார்த்தை பெருமையாக இருந்தது. அவன் பெட்டியைத் திறந்து, மேலாக இருந்த ஸ்கேலை எடுத்தாள். அளந்து, கோடு போட்டு, அறுத்து, உப்புத்தாளில் தேய்த்தாள். மறுபடியும் அளந்து பார்த்தாள். சரியாக இருநூற்று நாற்பது. அதே ஸ்கேலில்தான் அளந்தாள்.

"அளவு பாத்தியா?" என்று வந்ததும் கேட்டான்.

"ரெண்டு தடவ பாத்துட்டனுங்க."

ஞாயிறு காலையில் கட்டுச்சோறு கட்டிவிட்டுக் கொட்டகையைக் கூட்டப் போனாள். பெஞ்சில் கிடந்த ஸ்கேலைப் பெட்டியில் வைக்க எடுத்தபோது, வெயிலில் அதன் ஓரத்துப் பொடி எழுத்து தெரிந்தது. ஸ்டீல், இரண்டு சதம். பெட்டிக்குள் சாதா ஸ்கேல் அடியில் கிடந்தது. இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தாள். இருநூற்று நாற்பதில் கிட்டத்தட்ட ஐந்து மில்லி வித்தியாசம். கம்பெனியில் இதில் நூறில் ஒரு பங்கு மிஞ்சினாலே சிவப்புக் கோடு போடுகிறவள் அவள்.

வாசலில் சஹீர் விமானத்தை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். எழில் விசில் அடித்துக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் விசிலடித்து அவள் கேட்டதில்லை. வேலன் சலவை வேட்டி கட்டியிருந்தார். கிணத்துக்கடவுக்கு அந்தாண்டை, அவர் முப்பது வருடம் கூலிக்குப் போன தோட்டக்காரரின், பயிரில்லாத காலிக்காட்டில்தான் பறக்க விடப்போகிறார்கள். "அந்தக் காட்டுல நாங் குனிஞ்ச தல நிமுந்ததில்ல மெர்சி," என்று காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார். "இன்னிக்கு அத்தன பேரும் அண்ணாந்து பாக்கப் போறாங்க."

சொன்னால் எல்லாம் நின்றுபோகும். காலை மாற்ற ஒரு நாள் ஆகும். காற்று வந்துவிட்டால் ஐப்பசிதான். அதைவிட, உன்ற கைக்கு அளவு சொல்லித் தரோணுமா என்றானே. ஐந்து மில்லி என்ன செய்துவிடும், விளையாட்டுச் சாமான்தானே என்று அவள் நினைத்தாள். ஸ்கேலைப் பெட்டியில் போட்டு மூடினாள்.

விமானம் பறந்தது. காட்டின் மேல் சிவப்பாக இரண்டு வட்டம் வந்தது. தோட்டக்காரரின் ஆட்கள், பக்கத்துச் சாளை வீட்டுக்காரர்கள், ரோட்டில் போன பால்காரர் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வேலன் மட்டும் ஆகாயத்தைப் பார்க்காமல், பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலப்பக்கம் சாயுதுடா," என்றான் சஹீர், ரிமோட்டில் எதையோ நகர்த்தி. "இப்ப நேராப் போகுது. ஒண்ணுமில்ல."

இறக்குவதற்காக வேகத்தைக் குறைத்தான். அப்போது இடதுபக்க இறக்கை, யாரோ கீழிருந்து பிடித்து இழுத்த மாதிரி சட்டென்று தாழ்ந்தது. தூக்கிவிடுவதற்காக சஹீர் இன்ஜினை முறுக்கினான். விமானம் திரும்பி, வரப்போரம் நின்ற எழிலுக்குப் பக்கத்தில் சரிந்து வந்தது. வேறு யாராக இருந்தாலும் விலகியிருப்பார்கள். ஆறு மாதம் இழைத்தவனின் கை, தான் செய்தது தரையில் விழப்போகிறதென்று தானாக நீண்டது. முன்னால் சுழன்றுகொண்டிருந்த காத்தாடி அந்தக் கையில் பட்டது.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். கீழே வருகிற நேரத்தில் இன்ஜினை அணைக்காமல் எவனாவது முறுக்குவானா? சஹீரும் அதையேதான் சொன்னான், தலையில் அடித்துக்கொண்டு. அதற்குப் பிறகு மூன்று தடவை வீட்டுக்கு வந்தான். மூன்று தடவையும் வேலன் கேட்டிலேயே நிறுத்தி, "இப்ப வேண்டாங்க தம்பி," என்று அனுப்பிவிட்டார். 'கண்ணு' என்று கூப்பிட்டவர் 'ங்க' போட்டுப் பேசினார்.

மெர்சி விமானத்திலிருந்து அந்த முன்காலை மட்டும் கழற்றிப் பைக்குள் போட்டுக் கம்பெனிக்குக் கொண்டுபோய், டீ நேரத்தில் பெரிய வெர்னியரில் அளந்தாள். இருநூற்று நாற்பத்து நாலு, புள்ளி எட்டு. போனில் தேடித் தேடிப் படித்தாள். முன்கால் நீண்டால் இறக்கையின் முன்பக்கம் தூக்கி நிற்கும்; அப்படி நிற்கிற இறக்கைதான் வேகத்தில் விமானத்தை மறுபக்கம் சாய்க்கும், வேகம் குறையும்போது முதலில் விழும். புரியவில்லை என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லாமல் தெளிவாக எழுதியிருந்தது.

*

நாலரை மணிக்கு வந்தார்கள். சஹீர் இளைத்திருந்தான். தாடியில் அங்கங்கே நரை. ரம்ஷா கையில் ஒரு தூக்குப்போசி.

"வாங்க," என்றார் வேலன். நாற்காலியைக் கையால் தட்டித் துடைத்துப் போட்டார். சஹீர் நாற்காலியில் உட்காராமல் எழிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"என்ன கண்ணு இது," என்று வேலனுக்கு வாய் தவறி வந்துவிட்டது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கையி எப்பிடிடா இருக்குது?" என்றான் சஹீர்.

"இருக்குது."

"டாக்டரு பந்தப் புடிச்சு அமுக்கச் சொன்னாங்களே, புடிக்கறியா?"

"புடிக்கறேன்."

பூவாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. "பந்து புடிச்சு என்னாகறது? பட்டறையில ஸ்டோருல உக்காந்து சாமான் எடுத்துக் குடுங்கறாங்க. உளி புடிச்ச கையி. நீ அந்த எழவு இன்ஜின அணைச்சிருந்தா..."

"அம்மா," என்றான் எழில்.

"நாஞ் சொல்லலடா. ஊரே சொல்லுது."

"அம்மா சொல்றது செரிதானுங்க," என்றான் சஹீர். தலையைக் குனிந்துகொண்டு, மனப்பாடம் செய்து வந்ததைச் சொல்வது போலச் சொன்னான். "உம்ராவுக்குப் போறோம். தெரிஞ்சு செஞ்சாலும் தெரியாமச் செஞ்சாலும், உங்க ஊட்டுக்கு நாஞ் செஞ்சது பெரிய தப்பு. பொறுத்துக்கங்க. பொறுக்க முடியலைன்னாலும் சொல்லிருங்க. அதைக் கேட்டுட்டுப் போறேன்."

காற்றில் கொட்டகைத் தகரம் அடித்துக்கொண்டது. எழில் தன் வலது கையை இடது கையால் மூடி வைத்திருந்தான்.

"எனக்குத் தெரியலடா. உம்மேல கோவமான்னு கேட்டா, நேத்து இல்ல, இன்னிக்கு இருக்குது. சோறு திங்கறப்ப வருது. மெர்சியக் கேளு. எட்டு வாரமா எம்பட வேலையெல்லாம் அவதான் செய்யறா. அவ பொறுத்துக்கிட்டேன்னா நானும் பொறுத்துக்கறேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணுமில்ல."

எல்லோரும் மெர்சியைப் பார்த்தார்கள்.

"டீ வெச்சுட்டு வாரனுங்க," என்று எழுந்துவிட்டாள்.

சமையலறையில் பால் பொங்குவதற்குள் ரம்ஷா பின்னாலேயே வந்து நின்றாள். "அவரு அசர் தொழுவோணுங்கறாரு. பின்னாடி பைப்புல கைகால் கழுவிக்கட்டுங்களா?"

மெர்சி அடுப்பை அணைத்துவிட்டு, பரணில் சுருட்டி வைத்திருந்த பழைய பாயை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். ரம்ஷாவும் வந்தாள். பெஞ்சின் மேல் மரத்தூள் அப்படியே இருந்தது. சஹீர் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்து, பாயை வாங்கக் கை நீட்டினான். அவள் பாயைப் பிடித்த பிடியை விடவில்லை.

"சஹீரண்ணா, அது நீங்க பண்ணுனது இல்லீங்க."

"இருக்கட்டும் தங்கச்சி. ஆறுதலுக்குச் சொல்ல வேண்டாம்."

"ஆறுதலுக்கில்லீங்ண்ணா." சொல்ல ஆரம்பித்தபோது, தினமும் தொண்டையில் நின்ற வாக்கியங்கள் வரிசை மாறித்தான் வந்தன. "எனக்கு அன்னிக்குக் காத்தாலயே தெரியும். முன்கால் நான் அறுத்தது. சுருக்கு ஸ்கேல்ல அளந்துட்டேன். அஞ்சு மில்லி எச்சு. அதனாலதான் இடதுபக்கம் உழுந்துது. வண்டியில ஏத்தறப்பவே பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் கட்டுச்சோத்த எடுத்துட்டு வந்து ஏறுனேன்."

சஹீருக்கு ஸ்கேல் விளங்கச் சற்று நேரமானது. விளங்கியதும் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டான். தன் வலது கைக் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரிமோட்டில் இன்ஜினை முறுக்கிய விரல்.

"அப்ப வலப்பக்கம் சாஞ்சுதே... அது..."

"அதனாலதானுங்க."

ரம்ஷாவின் முகம் சிவந்துவிட்டது. "எட்டு வாரம் மெர்சி. கடையத் தொறந்து வெச்சுட்டு ஒரு மிஷினையும் ஸ்டார்ட் பண்ண மாட்டேங்கறாரு. சத்தம் கேட்டா ஒடம்பு நடுங்குது. ராவெல்லாம் கட்டவெரலத் தேச்சுத் தேச்சு, இங்க பாருங்க, தோலு உரிஞ்சு கெடக்குது. நீங்க ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல? ஒரே ஒரு போனு!"

"ஆமாங்க்கா."

"ஆமான்னு சொன்னாச் செரியாப் போச்சா?"

"ரம்ஷா, சும்மா இரு," என்றான் சஹீர். அவன் குரலில் கோபம் இல்லை. கொஞ்ச நேரம் அழுகிறானோ என்று தோன்றியது, ஆனால் அவன் மூச்சுத்தான் விட்டுக்கொண்டிருந்தான், ரொம்ப தூரம் சுமந்து வந்து இறக்கியவன் விடுகிற மாதிரி. "முறுக்குனது நாந்தான தங்கச்சி. அணைச்சிருந்தா வெரலு நின்னிருக்கும்."

"கீழ உழாம இருந்தா முறுக்கியிருக்க மாட்டீங்களே."

தகரத்தின் மேல் தூறல் விழுந்தது. வீட்டுக்குள் பூவாத்தாள், "டீக்குப் போனவ எங்க போனா?" என்று யாரிடமோ கேட்டாள்.

"இங்க பாருங்க," என்றான் சஹீர், குரலைத் தாழ்த்தி. "இத எங்ககிட்டச் சொன்னீங்க, போதும். எனக்குப் பாதி பாரம் எறங்கிருச்சு, மீதியும் எறங்கிரும். ஆனா எழில்கிட்டச் சொல்லாதீங்க."

"அண்ணா..."

"சொல்றதக் கேளுங்க. நா வெளியாளு. என்னத் திட்டிப்போட்டு அவன் நிம்மதியாப் படுத்துக்குவான். உங்களத் திட்டிப்போட்டு எங்க போயிப் படுப்பான்? பெத்தவங்க உங்கள என்ன சொல்வாங்க? அவன் இப்ப எந்திரிச்சு நடமாடறதே உங்கள நம்பித்தான். உள்ள வந்து, பொறுத்துக்கிட்டோம்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. அத்தோட முடிஞ்சுது. பழி எம்மேலயே இருக்கட்டும், நாந் தூக்கிக்கறேன். நா போற எடத்துல உங்களுக்கும் சேத்து துவா கேட்டுட்டு வாரேன்."

ரம்ஷா கணவனை வெறித்துப் பார்த்தாள். பிறகு, பிடிக்காத மருந்தைக் குடிக்கிறவள் போல, "அவரு சொல்றது ஒருவகைல செரிதான் மெர்சி," என்றாள். "ஆம்பளைங்க வெரலு போனாக்கூடத் தாங்கிக்குவாங்க, பொண்டாட்டி மறைச்சதத் தாங்க மாட்டாங்க."

சஹீர் பாயை விரித்து நின்றான். இரண்டு பெண்களும் தகரத்தோரம் ஒதுங்கினார்கள்.

அவன் குனிந்து நிமிர்கிற நேரத்துக்குள் மெர்சி அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பொறுத்துக்கிட்டேன். உதட்டளவில் சொன்னபோது எவ்வளவு இலகுவாக இருந்தது. சொன்னால் வேலன் மறுபடி கண்ணு என்று கூப்பிடுவார். பூவாத்தாள் முணுமுணுத்துவிட்டு இரண்டு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைப்பாள். சஹீர் விமானம் ஏறுவான். எழில் ஸ்டோருக்கு வேலைக்குப் போவான். நாலு பேருக்கும் நல்லது. யாரும் கெட்டுப்போகமாட்டார்கள். அவள் தன்னைப் பெரிய மனசுக்காரி என்றுகூட ஊரில் சொல்ல வைத்துவிடலாம். மெர்சி பொறுத்துக்கிட்டா, அவ குணம் யாருக்கு வரும் என்பார்கள். அந்தப் பேச்சு காதில் விழுகிறபோது தன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். எதை வைத்து அந்த முகத்தைச் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று காலை பெட்டியை மூடியபோது இருந்த முகத்தைத்தான் மறுபடியும் போட்டுக்கொள்ளவேண்டும்.

சஹீர் இரண்டு பக்கமும் சலாம் சொல்லி முடித்து, பாயைச் சுருட்டி அவளிடம் கொடுத்தான். "வாங்க," என்றான், கெஞ்சுகிற மாதிரி.

டீயைத் தட்டில் வைத்து அவளே கொண்டுபோனாள். வேலனுக்கு, பூவாத்தாளுக்கு, ரம்ஷாவுக்கு. சஹீர் முன்போலவே தரையில் உட்கார்ந்தான். எழிலின் டம்ளரை அவன் இடது கைப்பக்கமாக வைத்தாள்.

"என்ன மெர்சி," என்றான் எழில். கேட்பதற்குள் சோர்ந்துபோனவன் போல இருந்தான். "இவன் எத்தன நேரம் கீழயே உக்காந்திருப்பான்? பொறுத்துக்கிட்டேன்னு சொல்லி உடு. நானும் சொல்லிர்றேன். முடிச்சுக்கலாம்."

அறையில் யாரும் டீயை எடுக்கவில்லை. சஹீர் நிமிர்ந்து அவளையே பார்த்தான். அவன் தலை மெல்ல அசைந்தது, வேண்டாம் வேண்டாம் என்று.

"நாஞ் சொல்லமாட்டனுங்க," என்றாள் மெர்சி.

"பாத்தீங்களா," என்றாள் பூவாத்தாள், பாதி அழுகையும் பாதி வெற்றியுமாக. "பொறுமசாலி அவளே சொல்லமாட்டீங்கறா. எப்பிடிச் சொல்லுவா? தெனமும் அந்தக் கைய அவ தான பாக்கறா?"

"அதுக்கில்லீங்கத்தெ."

மெர்சி தட்டைக் கீழே வைத்துவிட்டு, எழிலுக்கு எதிரே, சஹீருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எழில் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தான்.

"பொறுத்துக்கறதுக்கு நான் ஆளில்லீங்க," என்றாள்.